அல்லூரும் பல்கலைக்கழகமும்



தோட்டத்து வீடு ஒன்றில் நடக்கக்கூடிய ஒரு பேச்சோடு இன்றைய உரையைத் தொடங்குகிறேன். மேல்படிப்புக்குப் போகவிருக்கும் மகள் தன் தகப்பனாரிடம் சொல்கிறாள்: "அப்பா, நான் சுற்றுப்புறப் பொறியியல் படிக்கப் போறேன்."

"அது என்னம்மா படிப்பு?"

"குடிதண்ணியைச் சுத்தம் பண்றது, கழிவுநீரைச் சுத்தம் பண்றது, குப்பை, புகை, காத்து இதைப்பத்தின படிப்புப்பா."

தகப்பனாரின் முகம் வாடிவிடுகிறது. "உன் தாத்தா இந்தத் தோட்டத்திலே அல்லூர் வெட்டினாரு. உன் பாட்டி வாளி தூக்கினாங்க. நீயாவது நல்லா இருக்கணும்னு நானும் உங்கம்மாவும் விடியறதுக்கு முன்னே தீம்பாருக்குப் போய்ப் பால் வெட்டி உன்னைப் படிக்க வைக்கிறோம். படிச்சு முடிச்சிட்டு நீ மறுபடியும் அல்லூருக்கா போகணும்?"

இந்தக் கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. மூன்று தலைமுறை பட்ட அவமானம் அந்தக் கேள்வியில் இருக்கிறது. ஆகவே அதற்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைச் சிங்கப்பூரின் மேற்குப் பகுதியிலுள்ள சுவா சூ காங் என்னும் ஊரை வைத்துச் சொல்ல விரும்புகிறேன்.

சுவா சூ காங் இன்று அடுக்குமாடி வீடுகளும் பெருவிரைவு ரயிலும் உள்ள நகரம். ஆனால் அந்தப் பெயரே ஒரு தோட்டத்தின் பெயர்தான். 19ஆம் நூற்றாண்டில் சீனக் குடியேறிகள் ஆற்றங்கரைகளில் காட்டை அழித்துக் காசுக்கட்டிச் செடியும் மிளகும் பயிரிட்டார்கள். ஒவ்வோர் ஆற்றங்கரைக்கும் ஒரு தலைவர் இருந்தார். அவர் குடியிருந்த இடத்தைத் தியோச்சியூ மொழியில் 'சூ காங்' என்றார்கள். 'சுவா' என்பது அந்தக் குடும்பத்தின் பெயர். காசுக்கட்டி இலையைக் காய்ச்ச விறகு ஏராளமாக வேண்டியிருந்தது. காடு குறைந்தது, மண்ணும் சத்திழந்தது. பிறகு ரப்பரும் அன்னாசியும் வந்தன. அதற்கும் பிறகு காய்கறித் தோட்டங்களும் கோழி, பன்றிப் பண்ணைகளும் வந்தன. நிலத்தை எப்படியெல்லாம் பயன்படுத்துகிறோமோ அதற்கேற்ப மண்ணும் நீரும் மாறும் என்பதற்கு இந்த ஊரே ஒரு பாடம்.

சிங்கப்பூரில் பெரிய ஆறு கிடையாது. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஜொகூரிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை தண்ணீர் பெற அதற்கு உரிமை உண்டு. அந்த ஒப்பந்தம் 2061ஆம் ஆண்டில் முடிவடையும். ஆகவே தன் மண்ணில் விழும் மழையையும் சேர்த்துவைக்க வேண்டிய நிலை அந்நாட்டுக்கு ஏற்பட்டது. 1975இல் கிராஞ்சி ஆற்றின் முகத்துவாரம் அணையிட்டு அடைக்கப்பட்டது. 1981இல் மேற்கு நீர்ப்பிடிப்புத் திட்டத்தின்கீழ் தெங்கே, முராய், பொயான், சரிம்பூன் ஆகிய நான்கு நீர்த்தேக்கங்கள் அமைந்தன. கடல்நீர் ஏறி இறங்கிய சதுப்புக் கழிகள் இவ்வாறு நன்னீர்த் தேக்கங்களாயின. இந்த வட்டாரத்துத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் இடந்தான் சுவா சூ காங் நீர்நிலையம்.

அணை கட்டியதோடு வேலை முடிந்துவிடவில்லை. கிராஞ்சி ஆற்றுப்பக்கம் இருந்த பன்றிப் பண்ணைகளின் கழிவு அப்படியே தேக்கத்தில் கலந்தால் அதைக் குடிக்க முடியுமா? ஆகவே அந்தப் பண்ணைகள் பொங்கோலுக்கு மாற்றப்பட்டன. 1984இல் பன்றி வளர்ப்பையே படிப்படியாக நிறுத்துவது என்று அரசாங்கம் முடிவு செய்தது. பல குடும்பங்கள் தொழிலை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. ஒரு தொழில் போய் மற்றொன்று வரும்போது வயதானவர்கள் படும் பாட்டை, தோட்டங்கள் துண்டாடப்பட்டதைக் கண்ட உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீரைக் காப்பதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்ப்பதும் இந்தப் படிப்பைச் சேர்ந்ததே.

சரி, கலங்கிய தேக்கத்து நீர் எப்படிக் குடிநீராகிறது? நம் ஊர்ப்பக்கத்துப் பாட்டிமார்களைக் கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும். கலங்கல் தண்ணீர்ப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்துவிடுவார்கள். சற்று நேரத்தில் கலங்கல் அடியில் படிந்து மேலே தெளிந்த நீர் நிற்கும். படிகாரம் போடுவோரும் உண்டு. நீர்நிலையத்தில் நடப்பதும் முதலில் இதுவேதான். நுண்ணிய மண்துகள்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளிக்கொண்டு தண்ணீரிலேயே மிதக்கின்றன. படிகாரம் போன்ற பொருளைக் கலந்தால் அந்த விலக்கம் நீங்கி, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பஞ்சுபோலத் திரளுகின்றன. திரண்டவை கனத்தால் அடியில் படிகின்றன. பிறகு தண்ணீரை வடிகட்டிக் கிருமிகளைக் கொல்கிறார்கள். முன்பு மணலில் வடிகட்டிய வேலையை இப்போது மிக நுண்ணிய துளைகள் கொண்ட சவ்வுகளும் செய்கின்றன. சுவா சூ காங்கில் பீங்கானால் ஆன சவ்வுகளையும் பயன்படுத்துகிறார்கள்.

பாட்டிக்கும் பொறியாளருக்கும் என்ன வேறுபாடு? பாட்டிக்கு ஒரு பானை. பொறியாளருக்கு ஒரு நகரம். இன்று மழை பெய்து கலங்கல் கூடினால் எவ்வளவு படிகாரம் கூட்டுவது, தொட்டி எவ்வளவு நீளம் இருந்தால் துகள் படியும், எத்தனை நிமிடம் வைத்தால் கிருமி சாகும் என்பதையெல்லாம் கணக்கிட்டுச் சொல்வதுதான் பொறியியல். கணக்குத் தவறினால் ஒரு குடும்பத்துக்கல்ல, ஓர் ஊருக்கே வயிற்றுப்போக்கு வரும்.

இந்தப் படிப்பு பல்கலைக்கழகத்தில் பொதுவாக நான்கு ஆண்டு. சுவா சூ காங் இருக்கும் அதே மேற்குப் பகுதியில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அது 1981இல் நன்யாங் தொழில்நுட்பக் கழகமாகத் தோன்றி, 1991இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அங்கே கட்டுமானப் பொறியியலும் சுற்றுப்புறப் பொறியியலும் ஒரே பிரிவின்கீழ் உள்ளன. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் இந்தத் துறை உண்டு. மலேசியாவில், கம்பாரிலுள்ள துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகத்தில் சுற்றுப்புறப் பொறியியல் பட்டப்படிப்பு இருக்கிறது. செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியலோடு சேர்ந்த துறையாக அது இருக்கிறது. தமிழ்நாட்டில் இதனைச் சுற்றுச்சூழல் பொறியியல் என்பார்கள். முன்னாளில் இதற்குப் பொதுச் சுகாதாரப் பொறியியல் என்றே பெயர்.

முதலாண்டில் கணிதம், பௌதிகம், வேதியியல் ஆகியவற்றில் அடித்தளம் போடுவார்கள். அதன்பின் நீர் எப்படி ஓடுகிறது என்னும் பாடம், மழையையும் வெள்ளத்தையும் கணக்கிடும் பாடம், நுண்ணுயிர்ப் பாடம் ஆகியவை வரும். பிறகு குடிநீர்ச் சுத்திகரிப்பு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, காற்று மாசு, திடக்கழிவு, சுற்றுப்புறச் சட்டம் ஆகியவற்றைப் படிப்பார்கள். இடையே ஒரு நிறுவனத்தில் வேலைப் பயிற்சி, இறுதியாண்டில் தாமே செய்யும் ஓர் ஆய்வு. ஆய்வுக்கூடத்தில் கழிவுநீரைக் குடுவையில் எடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுபவர்களுக்கு ஏற்ற படிப்பல்ல இது.

அன்பர்களே, இந்தப் படிப்புக்கும் தோட்டத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. ஒரு காலத்தில் மலாயாத் தோட்டங்களில் நம் மக்கள் மலேரியாக் காய்ச்சலால் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்பது 1897இல் ரொனால்ட் ராஸ் கண்டறிந்த உண்மை. 1901இல் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டி நீரை வடியச் செய்தார். காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. பின்னர் தோட்டங்களிலும் அந்த முறை பரவியது. தாத்தா வெட்டிய அல்லூர் வெறும் பள்ளமல்ல. எத்தனை மருந்துப் புட்டிகளாலும் செய்ய முடியாததை அது செய்தது. அதை வெட்டியவருக்குத்தான் அதற்குரிய மரியாதை கிடைக்கவில்லை.

அடுத்தது செம்பனை ஆலை. ஒரு டன் எண்ணெய் எடுக்கும்போது சுமார் 2.5 முதல் 3 டன் வரை கழிவுநீர் வெளிப்படுகிறது. சுடச்சுட, பழுப்பு நிறத்தில், புளித்த வாடையோடு வரும் அந்த நீரை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதில் நஞ்சு எதுவும் கலக்கவில்லையே, பழத்திலிருந்து வந்ததுதானே, ஆற்றில் விட்டால் என்ன என்று கேட்கலாம். அதிலுள்ள எண்ணெய்ப் பசையையும் நாரையும் தின்னக் கோடானு கோடி நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவை ஆற்றுநீரில் கரைந்துள்ள பிராணவாயுவை எல்லாம் உறிஞ்சிவிடுகின்றன. மீன்கள் மூச்சுத் திணறிச் சாகின்றன. இந்தப் பிராணவாயுத் தேவையை அளந்து, கழிவின் வலிமையைச் சொல்வார்கள். வீட்டுக் கழிவுநீரில் அது லிட்டருக்கு ஏறக்குறைய 200, 300 மில்லிகிராம் இருக்கும். செம்பனை ஆலைக் கழிவுநீரில் சுமார் 25,000 மில்லிகிராம்!

மலேசியாவில் 1974இல் சுற்றுப்புறத் தரச் சட்டம் வந்தது. 1977இல் செம்பனை ஆலைகளுக்குத் தனி விதிகள் வந்தன. ஆற்றில் விடும் நீருக்கு 1978இல் 5,000 மில்லிகிராம் என்று தொடங்கிய வரம்பைப் படிப்படியாக இறக்கி, 1984இல் 100 மில்லிகிராமுக்குக் கொண்டுவந்தார்கள். சட்டம் எழுதினால் மட்டும் நீர் சுத்தமாகிவிடுமா? வரிசையாகக் குளங்கள் வெட்டி, முதல் குளங்களில் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்களையும், பின் குளங்களில் காற்றோடு வாழும் நுண்ணுயிர்களையும் வேலை வாங்கும் முறையைப் பொறியாளர்கள் வகுத்தார்கள். முதல் குளங்களில் எழும் எரிவாயுவைப் பிடித்து மின்சாரம் உண்டாக்கும் ஆலைகளும் இப்போது உண்டு. உங்கள் ஆலைக்குப் பின்னாலிருக்கும் அந்தக் குளங்கள், ஒரு பல்கலைக்கழக மாணவருக்கு முழுப் பாடப்புத்தகம். அவற்றைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பாடம் மற்றவர்களைவிட எளிதாகப் புரியும்.

இப்போது தகப்பனாரின் கேள்விக்கு வருகிறேன்.

2024ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள், நான் மேலே சொன்ன அதே சுவா சூ காங் நீர்நிலையத்தில் ஒரு தொட்டியைச் சுத்தம் செய்யும் வேலை நடந்தது. வேலை செய்த ஒப்பந்தத் தொழிலாளர்களில் மூவர் மயங்கி விழுந்தார்கள். இந்தியாவிலிருந்து பிழைக்க வந்த ஒருவர் மாண்டுபோனார். மலேசியர் இருவர் மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டனர். மாண்டவர் ஹைட்ரஜன் சல்பைட் என்னும் வாயுவைச் சுவாசித்தார் என்பது பின்னர் தெரியவந்தது.

நாட்டிலுள்ள மிக நவீனமான இடங்களில் ஒன்றிலே இப்படி நடந்தது. அப்படியானால் தோட்டத்துக் கழிவுத் தொட்டியையும், ஆலைக் குளத்தையும், பழைய கிணற்றையும் பற்றி என்ன சொல்வது? இந்த வாயு காற்றுப் புகாத இடத்தில் சேறும் கழிவும் அழுகும்போது உண்டாகிறது. காற்றைவிடச் சற்றுக் கனமானது. ஆகவே அடியில் தங்கும். முதலில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். பத்து லட்சம் பங்கு காற்றில் 10 பங்கு என்பது சிங்கப்பூரில் வேலையிடங்களுக்கு அனுமதித்த அளவு. அது 100 பங்கைத் தாண்டினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. வாடை போய்விட்டது, இனி பயமில்லை என்று எண்ணி இறங்குகிறவர் அங்கேயே விழுவார். அவரைத் தூக்க அண்ணன் இறங்குவார், அண்ணனைத் தூக்க மைத்துனர் இறங்குவார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று உயிர் போவது இப்படித்தான்.

ஆகவே இந்த உரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். மூடிய தொட்டியிலோ குழியிலோ ஒருவர் மயங்கி விழுந்தால், பாசம் உந்தினாலும் பின்னால் இறங்காதீர்கள். வெளியே நின்று, தீயணைப்புப் படையை அழையுங்கள். வாயுவைச் சோதிக்கும் கருவியும், காற்றை உள்ளே செலுத்தும் விசிறியும், இடுப்பில் கயிறும், மேலே காவலுக்கு ஓர் ஆளும் இல்லாமல் யார் இறங்கச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். அந்த நாள் கூலி போனாலும் உயிர் மிஞ்சும்.

அந்தத் தகப்பனாருக்கு என் பதில் இதுதான்: ஐயா, தாத்தாவை அல்லூரில் இறங்கச் சொன்னார்கள். பாட்டி தலையில் வாளியை ஏற்றினார்கள். உங்கள் மகள் கற்கப்போவது, மனிதர் இறங்க வேண்டாத தொட்டியை எப்படிக் கட்டுவது என்பதை. சேறு தானாக வெளியேற அடித்தளத்தை எவ்வளவு சரிவாக அமைப்பது, கழுவும் நீரை எங்கிருந்து பீச்சுவது, வாயு கூடினால் மணி அடிக்க எங்கே கருவி பொருத்துவது என்பதை. தவிர்க்கவே முடியாமல் ஒருவர் இறங்க நேர்ந்தால், எல்லாம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்திடாமல் வேலையை நிறுத்திவைக்கும் அதிகாரமும் அப்படிப் படித்தவர்கள் கையில் இருக்கும். தொட்டிக்குள் இறங்குபவர் நம் மாமனோ மச்சானோ என்று நினைக்கத் தெரிந்த ஒருவர் அந்தக் கையெழுத்தைப் போடுவது நல்லதல்லவா?

வாளியின் கதையையும் கேளுங்கள். சிங்கப்பூரில் மலவாளி தூக்கும் முறை 1987இல்தான் முற்றாக ஒழிந்தது. தூக்கியவர்கள்மீது யாரோ இரக்கப்பட்டதால் மட்டும் அது போகவில்லை. ஊர் முழுதும் நிலத்தடியில் கழிவுநீர்க் குழாய் போட்டார்கள். வாளிக்கு வேலை இல்லாமல் போயிற்று. 1972இல் அமைந்த சுற்றுப்புற அமைச்சும், 1977 முதல் 1987 வரை பத்தாண்டு நடந்த சிங்கப்பூர் ஆற்றுத் துப்புரவும் அக்காலத்தின் பெரும் பணிகள். அந்த அமைச்சின் நிரந்தரச் செயலாளராகவும் பின்னர் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் தலைவராகவும் இருந்த லீ எக் தியெங் ஒரு பொறியாளர்; பொதுச் சுகாதாரப் பொறியியல் பயின்றவர். சாக்கடையைப் பற்றிப் படித்தவருக்கு நாட்டின் உயர்ந்த நாற்காலிகளில் இடம் இருந்தது என்பதைத் தகப்பனார்கள் கவனிக்க வேண்டும்.

1974இல் ஜூரோங்கில் கழிவுநீரை மீண்டும் நன்னீராக்கும் ஒரு சோதனை ஆலையை நிறுவிப் பார்த்தார்கள். செலவு அதிகம், கருவிகளும் நம்பத்தக்கவையாக இல்லை, ஆகவே மூடிவிட்டார்கள். ஆனால் எண்ணத்தைக் கைவிடவில்லை. சவ்வுகள் மலிந்து மேம்பட்டதும் 2000இல் பிடோக்கில் மறுபடி தொடங்கினார்கள். 2003இல் அந்தப் புதுநீர் முறைப்படி விநியோகத்துக்கு வந்தது. முதல் தேர்வில் தோற்ற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம்.

இனி, வழியைச் சொல்கிறேன். மலேசியாவில் படிக்கும் பிள்ளைகள் நான்காம் படிவத்திலேயே அறிவியல் பாடங்களை எடுக்க வேண்டும். கூடுதல் கணிதம், பௌதிகம், வேதியியல் மூன்றையும் விட்டுவிடக் கூடாது. அங்கே விட்டால் பிறகு திரும்ப வருவது கடினம். எஸ்.பி.எம். தேர்வுக்குப்பின் எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், அல்லது பல்கலைக்கழகங்கள் நடத்தும் அடிப்படை ஆண்டுப் படிப்பு ஆகியவற்றில் ஒன்று. அதன்பின் பட்டப்படிப்பு. உள்நாட்டில் படிப்போர் பி.டி.பி.டி.என். கடனுதவிக்கு விண்ணப்பிக்கலாம். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்கள் எஸ்.டி.பி.எம். தேர்ச்சியையும் ஏற்கின்றன. அங்கே வெளிநாட்டு மாணவர்கள் கட்டண மானியம் பெற்றால், படிப்பு முடிந்து மூன்றாண்டு சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றில் வேலை செய்வதாகக் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திடுமுன் தாளை முழுதும் படித்துப் பாருங்கள். விதிகள் மாறக்கூடியவை, ஆகவே விண்ணப்பிக்கும் ஆண்டில் பல்கலைக்கழகத்தையே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பட்டம் நாட்டின் பொறியாளர் மன்றத்தின் அங்கீகாரம் பெற்றதா என்பதையும் பணம் கட்டுமுன் கேளுங்கள்.

இந்தப் படிப்பில் சுகம் மட்டுமே இருக்கிறது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். கணிதம் கடினமானது. படித்தவர்கள் எல்லாரும் குளிர்சாதன அறையில் உட்காருவதில்லை. ரப்பர்ச் சப்பாத்து அணிந்து, மழையிலும் வெயிலிலும், வாடை வீசும் இடத்தில் நிற்க வேண்டிய நாட்கள் உண்டு. ஆலை முதலாளி செலவைக் குறைக்கச் சொல்வார். சட்டம் வேறு சொல்லும். இடையில் நிற்பவர் பொறியாளர். ஆற்றின் கீழ்ப்பக்கம் குளிக்கும் பிள்ளைகளை நினைத்து அவர் உறுதியாக நிற்க வேண்டும்.

பெண்பிள்ளைக்கு இது ஏற்ற வேலையா என்று சில தாய்மார்கள் நினைக்கலாம். லயத்து வீடுகளில் குழாயடியில் காத்து நின்றவர்கள் யார்? தண்ணீர் வராத நாளில் ஆற்றுக்குக் குடம் சுமந்தவர்கள் யார்? பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் யார்? தண்ணீரின் அருமையைப் பெண்களைவிட அறிந்தவர்கள் கிடையாது. அந்த அறிவோடு கணக்கும் சேர்ந்தால் நல்ல பொறியாளர் உருவாவார்.

இன்று மாலை ஒரு சிறு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வீட்டிலிருந்து போகும் கழிவுநீர் எங்கே போய்ச் சேருகிறது என்று பிள்ளையைக் கேளுங்கள். தெரியவில்லை என்றால் இருவருமாக அந்த அல்லூரின் ஓரமாகவே நடந்து போய்ப் பாருங்கள். எங்கே தேங்குகிறது, ஏன் தேங்குகிறது, எப்படிச் சரிசெய்யலாம் என்று பிள்ளை கேட்கத் தொடங்கினால், இந்தப் படிப்பின் முதல் பாடம் அங்கேயே ஆரம்பமாகிவிட்டது. அந்த அல்லூரைத் தாத்தா எப்படி வெட்டினார் என்பதையும் அப்போது சொல்லுங்கள். பிள்ளை தெரிந்துகொள்ளட்டும்.